பேரேட்டுக்கு ஒரு பெட்டகம்: சிறு நிறுவனங்களுக்கான கோப்புச் சேமிப்பும் காப்புப் பிரதியும்

வணிகத்தில் இழப்பு என்றதும் தீ, திருட்டு, வாராக்கடன் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. சரக்கு எரிந்தால் காப்பீட்டு நிறுவனத்தை நாடுகிறோம். பாக்கி வாராது போனால் வழக்குத் தொடுக்கிறோம். ஆனால் எந்தச் சரக்கு எவ்வளவு இருந்தது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று காட்டும் கணக்கே அழிந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனத்திடமும் நீதிமன்றத்திடமும் எதைக் காட்டுவது?

முன்னாளில் பேரேடும் ரொக்க ஏடும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டன. கடை அடைத்ததும் சாவி முதலாளியின் இடுப்புக்குப் போகும். இன்று அக்கணக்குகள் முழுவதும் கணக்கரின் மேசைக் கணினிக்குள் இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிட்டன. இரும்புப் பெட்டி தேவையற்றதாகிவிட்டது. ஆனால் பெட்டி செய்துவந்த வேலை தேவையற்றதாகிவிடவில்லை. அவ்வேலையை இன்று எதைக் கொண்டு, எவ்வளவு செலவில், எம்முறையில் செய்விப்பது என்பதே இப்பாடத்தின் பொருள். ஐந்து முதல் பதினைந்து கணினிகள் வரை வைத்து நடத்தப்படும் நிறுவனங்களை மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறோம். கணினித் துறை அறிவு முன்தேவையன்று; கணக்கெழுதும் பழக்கம் இருந்தால் போதும்.

வங்கி இதில் ஏன் அக்கறை கொள்கிறது?

ரொக்கக் கடன் வசதி பெற்றுள்ள நிறுவனங்கள் மாதந்தோறும் சரக்கிருப்பு அறிக்கையையும் வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலையும் வங்கிக்கு அளிக்கின்றன. அவற்றைக் கொண்டே, கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்னும் எடுப்பு வரம்பு கணக்கிடப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பழைய அறிக்கையைக் கொண்டு கணக்கிட்ட வரம்பின்பேரில் நிலுவையில் உள்ள தொகை முறையற்றதாகக் கருதப்படும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிலை தொடர்ச்சியாக 90 நாள்கள் நீடித்தால், தொழிற்கூடம் இயங்கிக்கொண்டிருந்தாலும், கடன் பெற்றவரின் நிதிநிலை திருப்தியாக இருந்தாலும், அக்கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும்.

ஆகவே கணக்குத் தரவு அழிந்த நிறுவனத்துக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் துணையாகாது. அறிக்கை தர இயலாத நிலை சில மாதங்கள் நீடித்தால், நன்றாக நடக்கும் தொழிலே வங்கியின் ஏட்டில் நோயுற்ற தொழிலாகிவிடும்.

சட்டமும் இதனை வணிகரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 128ஆம் பிரிவின்படி, கணக்கேடுகளைக் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பேண வேண்டும் என்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அவற்றின் காப்புப் பிரதியை நாள்தோறும் இந்தியாவில் அமைந்துள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. கம்பெனியாகப் பதிவு பெறாத தனியுரிமை நிறுவனங்களையும் கூட்டாண்மைகளையும் ஜிஎஸ்டி சட்டம் பிணைக்கிறது. அதன் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023-24ஆம் ஆண்டுக்கான கணக்குகள் 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருக்க வேண்டும். மின்னணுப் பதிவுகள் விபத்தால் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கத்தக்க வகையில் காப்புப் பிரதி இருக்க வேண்டும் என்றும் ஜிஎஸ்டி விதிகள் கூறுகின்றன.

முதற்படி: இருப்பெடுத்தல்

கருவி வாங்கக் கடைக்குச் செல்லுமுன், ஆண்டிறுதியில் சரக்கிருப்பு எடுப்பதுபோல், தரவிருப்பை எடுக்க வேண்டும். பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகத்தில் எட்டுக் கணினிகள். இருப்பெடுத்தபோது பின்வருமாறு கண்டதாகக் கொள்வோம்:

• வடிவமைப்பு வரைபடங்கள்: 520 ஜிகாபைட்
• ஸ்கேன் செய்த பட்டியல்கள், ஒப்பந்தங்கள், சான்றிதழ்கள்: 75 ஜிகாபைட்
• கணக்கு மென்பொருளின் தரவு: 5 ஜிகாபைட்
• மொத்தம்: 600 ஜிகாபைட்

இப்பட்டியலில் கவனிக்கத்தக்கது, மிக முக்கியமான தரவே மிகச் சிறியதாக இருப்பது. பெரும்பாலான சிறு நிறுவனங்களில் நிலைமை இவ்வாறே. கணக்குத் தரவைப் பாதுகாப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வரைபடங்களுக்குத்தான் பெரிய இடம் வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காமல், தரவை அதன் மதிப்புக்கேற்ப வகைப்படுத்துவது நல்லது.

அடுத்து இரண்டு வினாக்களுக்கு முதலாளியே விடை சொல்ல வேண்டும். கணினி விற்பவர் சொல்ல முடியாது.

முதல் வினா: எத்தனை மணி நேர வேலையை இழக்கலாம்? நம் எடுத்துக்காட்டு நிறுவனத்தில் நாளொன்றுக்கு 100 பதிவுகள் நடக்கின்றன என்றும், ஒரு பதிவை மீண்டும் இட 4 நிமிடங்கள் ஆகும் என்றும் கொண்டால், ஒரு நாள் இழப்பை ஈடுசெய்ய 400 நிமிடங்கள், அதாவது 6 மணி 40 நிமிடங்கள் ஆகும். கணக்கர் ஒருநாள் கூடுதலாக உழைத்தால் சரிசெய்துவிடலாம். ஆறு வேலை நாள்கள் கொண்ட ஒரு வார இழப்பு எனில் 40 மணி நேரம். அவ்வாரத்தின் புதிய வேலை அதுவரை காத்துக்கிடக்கும். அதற்குள் சில பட்டியல்கள் கைமாறிக் காணாமலும் போயிருக்கும். ஆகவே இந்நிறுவனத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் பிரதி போதாது; நாள்தோறும் எடுத்தாக வேண்டும்.

இரண்டாம் வினா: எத்தனை மணி நேரம் வேலையின்றிக் காத்திருக்கலாம்? சில நிறுவனங்கள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். மின்னணு வழிப்பட்டியல் இன்றி லாரி வாயிலைத் தாண்ட முடியாத நிறுவனம் அரை நாளும் பொறுக்காது. இவ்விரு விடைகளும் கையில் இருந்தால், எந்தக் கருவி வேண்டும் என்பது பாதி தீர்மானமாகிவிடும்.

இரண்டாம்படி: பொதுச் சேமிப்பிடம்

எட்டுக் கணினிகளில் எட்டு இடங்களில் கோப்புகள் சிதறிக்கிடந்தால் எதற்கும் முறையான காப்பு இராது. அனைவரும் பயன்படுத்தும் ஒரு பொதுச் சேமிப்பிடம் தேவை. அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, கணினிகளில் ஒன்றையே பொதுவாகத் திறந்துவிடுதல். செலவு இல்லை. ஆனால் அதில் அமர்ந்திருப்பவர் கணினியை அணைத்தால் மற்ற ஏழு பேரின் வேலையும் நிற்கும். அவர் தவறான ஓர் இணைப்பைச் சொடுக்கினால் அனைவரின் கோப்புகளும் ஆபத்துக்குள்ளாகும். இரண்டு மூன்று கணினிகளுக்கு மேல் இவ்வழி பொருந்தாது.

இரண்டாவது, நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புக் கருவி. இரண்டு அல்லது நான்கு டிஸ்க்குகளைத் தாங்கும் சிறு பெட்டி. அலுவலக ரௌட்டருடன் கம்பியால் இணைக்கப்படும். அதன்முன் யாரும் அமர வேண்டியதில்லை. யார் எந்தக் கோப்புறையைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று உரிமைகளைப் பிரித்து வழங்கலாம். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இதுவே நடுவழி.

மூன்றாவது, தனிச் சர்வர். ஒரே கணக்கு மென்பொருளில் பலர் ஒரே நேரத்தில் பணியாற்றும்போதும், தொழிலுக்கென எழுதப்பட்ட மென்பொருளை அலுவலகத்திலேயே இயக்க வேண்டியிருக்கும்போதும் இது தேவைப்படலாம். வாங்கும் விலையுடன் உரிமக் கட்டணமும் பராமரிப்பாளரின் ஊதியமும் சேரும்.

நான்காவது, கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பு. கருவி வாங்க வேண்டியதில்லை. நபர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். பணியாளர்கள் பல ஊர்களில் இருந்தால் இதனினும் வசதியானது வேறில்லை. இணைய இணைப்பின் வேகமும் நம்பகத்தன்மையுமே இதன் எல்லை.

செலவை ஒப்பிடும்போது வாங்கும் விலையை மட்டும் பார்க்கலாகாது. ஐந்தாண்டுச் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நாஸ் எனில் கருவி, டிஸ்க்குகள், யுபிஎஸ், இடையில் ஒரு டிஸ்க்கை மாற்றும் செலவு, மின்சாரம் ஆகியன. கருவி 20 வாட் மின்சாரம் எடுக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 175 யூனிட். மேகம் எனில் மாதக் கட்டணத்தை ஆள் எண்ணிக்கையாலும் 60 மாதங்களாலும் பெருக்க வேண்டும். ஐந்தாண்டில் எட்டுப் பேர் பன்னிருவர் ஆவார்களா என்பதையும் கருத வேண்டும்.

கொள்ளளவையும் இவ்வாறே முன்னோக்கிக் கணிக்க வேண்டும். இன்று 600 ஜிகாபைட். ஆண்டுக்கு 120 ஜிகாபைட் கூடினால் ஐந்தாண்டில் 1,200 ஜிகாபைட், அதாவது 1.2 டெராபைட். பழைய பதிப்புகளுக்கும் காலி இடத்துக்கும் சேர்த்து இதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் போதும். இவ்வளவே தேவைப்படும் இடத்தில் எட்டு டிஸ்க் பெட்டியை வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். 4 டெராபைட் என்று விற்கப்படும் டிஸ்க்கைக் கணினி ஏறத்தாழ 3.6 என்றே காட்டும். அது குறையன்று, அளக்கும் முறையில் உள்ள வேறுபாடு.

ரெய்டு காப்புப் பிரதி ஆகாது

ரெய்டு என்றதும் வணிகர்களுக்கு வேறொரு துறை நினைவுக்கு வரலாம். இங்கு அது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு நிலைக்குமாறு செய்யும் முறையின் பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழியே இப்பெயர் பரவியது.

சிறு நிறுவனங்களுக்கு மூன்று வகைகளை அறிந்தால் போதும். ரெய்டு 1இல் இரு டிஸ்க்குகளில் ஒரே தரவு எழுதப்படும். 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு போட்டால் பயன்படுவது 4 டெராபைட். ரெய்டு 5இல் குறைந்தது மூன்று டிஸ்க்குகள் தேவை. எத்தனை போட்டாலும் ஒன்று பழுதாவதைத் தாங்கும். ரெய்டு 6இல் குறைந்தது நான்கு தேவை. இரண்டு பழுதானாலும் தாங்கும். 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு போட்டால் ரெய்டு 5இல் 12 டெராபைட்டும் ரெய்டு 6இல் 8 டெராபைட்டும் பயன்படும்.

இங்குதான் பலரும் தவறான முடிவுக்கு வருகின்றனர். ‘இரண்டு டிஸ்க்கில் இருக்கிறதே, ஒன்று மற்றொன்றுக்குக் காப்புத்தானே’ என்று எண்ணுகின்றனர். இரண்டு எழுத்தர்கள் அருகருகே அமர்ந்து ஒரே பேரேட்டை ஒரே நேரத்தில் எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் தொடர்ந்து எழுதுவார். அது ரெய்டின் பயன். ஆனால் ‘இப்பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்’ என்று ஓர் உத்தரவு வந்தால் இருவரும் அதே நொடியில் கிழிப்பார்கள். கோப்பை யாரேனும் தவறுதலாக அழித்தாலும், நச்சு மென்பொருள் அதனைச் சிதைத்தாலும், அலுவலகம் தீப்பற்றினாலும், கருவியே திருட்டுப் போனாலும் இரு டிஸ்க்குகளும் ஒருசேரப் போய்விடும்.

நேற்றிரவு நகலெடுத்து வேறோர் அறையில் பூட்டப்பட்ட பேரேடே காப்புப் பிரதி. ரெய்டு வேலை தடைபடாமல் காக்கிறது. காப்புப் பிரதி வேலையையே காக்கிறது. முன்னது வசதி, பின்னது கட்டாயம். பணம் ஒன்றுக்குத்தான் போதும் எனில் ரெய்டைக் கைவிட்டுக் காப்புப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

மேக ஒத்திசைவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கணினியில் உள்ள கோப்புறை இணையத்திலும் தானாகப் பிரதிபலித்தால், கணினியில் அழித்தது இணையத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் இட்ட கோப்பு 30 நாள்களுக்குப் பின் தானாகவே நீங்கிவிடும். மார்ச்சில் அழிந்ததை ஜூலையில் தணிக்கையாளர் கேட்கும்போதுதான் பலர் தேடத் தொடங்குகின்றனர்.

மூன்றாம்படி: மூன்று, இரண்டு, ஒன்று

காப்புக்கு உலகெங்கும் வழங்கும் ஓர் எளிய விதி உண்டு: தரவு மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் டிஜிட்டல் படங்களைப் பேணுவதற்காகப் பரப்பிய இவ்விதியைக் கணினித் துறையும் ஏற்றுக்கொண்டது.

வேறிடம் என்பது அடுத்த அறை ஆகாது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தரைத்தளத்தில் புகும் வெள்ளம் மேசைக் கணினியையும் அதன் பக்கத்து இழுப்பறையில் உள்ள டிஸ்க்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நம் எடுத்துக்காட்டு நிறுவனத்துக்கு இவ்விதியைப் பொருத்துவோம். முதற்பிரதி, அன்றாட வேலை நடக்கும் நாஸில். இரண்டாம் பிரதி, நாஸிலிருந்து இரவில் எடுக்கப்படும் வெளி டிஸ்க்கில். இத்தகைய டிஸ்க்குகள் இரண்டு வாங்கி, ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று வெளியிலுமாக வாரந்தோறும் மாற்ற வேண்டும். மூன்றாம் பிரதி, மேகத்தில்.

மேகத்துக்கு ஏற்றும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இணைய இணைப்பு விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இறக்கும் வேகம். காப்புப் பிரதிக்கு முதலில் வேண்டியது ஏற்றும் வேகம். அது நொடிக்கு 20 மெகாபிட் எனில், 600 ஜிகாபைட்டை ஏற்ற 2,40,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 67 மணி நேரம் ஆகும். முதல்முறை மட்டும் ஒரு வார இறுதியும் அதற்கு மேலும் பிடிக்கும். அதன்பின் நாள்தோறும் மாறுவது 2 ஜிகாபைட் எனில் 14 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மாறியதை மட்டும் நகலெடுக்கும் இம்முறையே கூட்டுநகல் முறை.

மீட்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். இறக்கும் வேகம் 100 மெகாபிட் எனில் 600 ஜிகாபைட்டையும் மீட்க 13 மணி 20 நிமிடங்கள். அருகிலுள்ள வெளி டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 100 மெகாபைட் வீதம் எடுத்தால் 1 மணி 40 நிமிடங்கள். அரை நாளும் பொறுக்காத நிறுவனம் மேகத்தை மட்டும் நம்பலாகாது என்பது இதனால் விளங்கும். சிறு கோளாறுக்கு அருகிலுள்ள பிரதியும் பெருவிபத்துக்குத் தொலைவிலுள்ள பிரதியும் உதவும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

வெளியில் வைக்கும் டிஸ்க்கை முதலாளியின் வீட்டில் வைக்கலாம். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்திலும் வைக்கலாம். பெட்டக ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கிளையில் கேட்டறிந்து கொள்ளுங்கள். பெட்டகத்தில் உள்ள பொருளுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை என்பதையும், வங்கி வேலை நேரத்தில்தான் அதனைத் திறக்க இயலும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதனால் அவசரத்துக்கான பிரதியைவிட மாதப் பிரதிக்கும் ஆண்டிறுதிப் பிரதிக்கும் பெட்டகம் ஏற்றது.

எத்தனை நாள் பிரதிகளை வைத்திருப்பது?

ஒரே டிஸ்க்கில் நேற்றைய பிரதியின் மேல் இன்றைய பிரதியை எழுதிக்கொண்டே போனால், கெட்டுப்போன கோப்பு நல்லதை மூடிவிடும். பிழை பத்து நாள் கழித்துத் தெரியவந்தால் திரும்பிச் செல்ல இடமிராது. இதற்குத் தாத்தா, தந்தை, மகன் என்னும் மூன்று தலைமுறை முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

• மகன்: கடைசி ஏழு நாள்களின் பிரதிகள்
• தந்தை: கடைசி ஐந்து வாரங்களின் பிரதிகள்
• தாத்தா: கடைசி பன்னிரண்டு மாதங்களின் பிரதிகள்

இவற்றுடன் ஒவ்வொரு மார்ச் 31ஆம் நாள் கணக்கும், தணிக்கை முடிந்தபின் ஒருமுறையும், தனிப் பிரதியாக எடுத்துச் சட்டம் சொல்லும் காலம்வரை பேண வேண்டும். அத்துடன் அக்கணக்கைத் திறக்கும் மென்பொருளின் பதிப்பும் உரிம விவரமும் இருக்க வேண்டும். எட்டாண்டுக்குப் பின் தரவு இருந்து அதனைத் திறக்கும் வழி இல்லையெனில் பயனில்லை. முக்கிய அறிக்கைகளைப் பிடிஎஃப் வடிவிலும் சேமித்து வைப்பது இதற்கு எளிய மாற்று.

பிரதி எடுக்கும் நேரமும் முக்கியம். கணக்கு மென்பொருள் திறந்து பதிவுகள் நடந்துகொண்டிருக்கையில் எடுக்கப்படும் நகல் முழுமையற்றதாக இருக்கக்கூடும். அனைவரும் வெளியேறியபின் இரவில் எடுக்கப்படுமாறு நேரம் குறிக்க வேண்டும்.

நான்காம்படி: பூட்டும் சாவியும்

2017 மே மாதம் வான்னாகிரை என்னும் நச்சு மென்பொருள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிணைப்பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்தது அது. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியே அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவத் தள்ளிப்போட்ட இரண்டு மாதங்களே பல அலுவலகங்களுக்கு வினையாயின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் மற்றொரு நச்சு மென்பொருள், இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடப்பட்டிருந்த நாஸ் கருவிகளையே குறிவைத்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் விதிகள் சில:

• நாஸை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடலாகாது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமெனில் விபிஎன் வழியே மட்டும் அனுமதிக்க வேண்டும்.
• கருவியுடன் வரும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதல்நாளே மாற்ற வேண்டும். நிர்வாகி கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைக்க வேண்டும்.
• விற்பனைப் பிரிவினருக்கு ஊதியக் கோப்புறை தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை தர வேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் உரிமையை அன்றே நீக்க வேண்டும்.
• ஒரு பிரதியேனும் எந்தக் கணினியுடனும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கை ரான்சம்வேரும் எட்டிப் பிடிக்கும்.
• வெளியே செல்லும் டிஸ்க்கையும் மேகப் பிரதியையும் குறியாக்கம் செய்ய வேண்டும். அதன் சாவியைத் தாளில் எழுதி, உறையிட்டு, டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். சாவி தொலைந்தால் உரிமையாளருக்கும் தரவு கிட்டாது.
• நெட் பேங்கிங் கடவுச்சொற்களை எக்செல் தாளில் எழுதிப் பொதுக் கோப்புறையில் வைக்கும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும்.

பணியாளர்களின் ஆதார், பான் நகல்களும் வாடிக்கையாளர் விவரங்களும் நம் கோப்புறைகளில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. தேவையற்ற நகல்களை வைத்திராமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

தாக்குதல் நேர்ந்துவிட்டால் முதலில் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்க வேண்டும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இத்தகைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930 என்னும் எண்ணையும் உங்கள் கிளையையும் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

ஐந்தாம்படி: மீட்டுப் பார்த்தல்

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. பதிவு, அனுமதி, ஆய்வக முடிவுகள் எனப் பல பணிகள் நாள்கணக்கில் கையெழுத்திலேயே நடந்தன. பின்னர், தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புச் சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவு முழுவதும் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தொடப்படாத ஒரு பிரதி இருந்ததும், அது உண்மையிலேயே மீளக்கூடியதாக இருந்ததுமே அங்குக் கைகொடுத்தன.

பல அலுவலகங்களில் ‘காப்பு வெற்றிகரமாக முடிந்தது’ என்னும் செய்தி இரவுதோறும் திரையில் தோன்றுகிறது. கோப்புகள் நகலாயின என்பதற்கு அது சான்று; அவை திறக்கும் என்பதற்குச் சான்றன்று. காசோலை கிளியரிங்குக்குப் போய்வராதவரை அது தாள்தான் என்பது வணிகர்க்குத் தெரியும். மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியும் அத்தகையதே.

ஆகவே மாதம் ஒருமுறை சில கோப்புகளையும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தரவு முழுவதையும் வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்ட கணக்கில் இருப்பாய்வை எடுத்து, அந்நாளின் அசல் இருப்பாய்வுடன் ஒப்பிட வேண்டும். பற்றும் வரவும் பொருந்தினால் தேர்ச்சி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொண்டு, முதற்படியில் நாம் எழுதிய இரண்டாம் வினாவின் விடையுடன் ஒத்துப்பார்க்க வேண்டும். தேதி, செய்தவர், முடிவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிரதி எடுப்பவரும் மீட்டுப் பார்ப்பவரும் வெவ்வேறு நபர்களாக இருப்பது சிறப்பு. வங்கியில் ரொக்கப் பெட்டகத்துக்கு இரு சாவிகள் இருவரிடம் இருப்பதன் காரணமே இங்கும் பொருந்தும்.

விலைப்புள்ளி பெறும்போது கேட்க வேண்டியவை

1. டிஸ்க்குகள் 24 மணி நேரமும் இயங்கும் நாஸ் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்டவையா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு?
2. கருவிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு வழங்குவார்?
3. கருவியே பழுதானால் இதே ஊரில் மாற்றுக் கருவி எத்தனை நாளில் கிடைக்கும்?
4. மின்தடை நேர்ந்தால் கருவி தானாக முறைப்படி அணையுமாறு யுபிஎஸ் இணைக்கப்படுமா?
5. மேகச் சேவை எனில் தரவு இந்தியாவில் இருக்குமா? பழைய பதிப்புகள் எத்தனை நாள் இருக்கும்? தரவைத் திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் தரவை எவ்வாறு பெறுவது?
6. நிறுவி முடித்த அன்றே, நம் கண்முன் ஒரு கோப்புறையை அழித்துக் காப்பிலிருந்து மீட்டுக் காட்டுவீர்களா?

ஆறாவது வினாவுக்குத் தயங்குபவரிடம் வாங்க வேண்டியதில்லை. நிலுவைத் தொகையை இம்மீட்பு முடிந்தபின் தருவதாக ஆணையிலேயே எழுதலாம்.

தீக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி, வணிக ஏடுகளும் கணினிப் பதிவுகளும் வழக்கமான தீக் காப்பீட்டில் அடங்குவதில்லை. எரிந்த கணினிக்குப் பணம் வரலாம். அதற்குள் இருந்த கணக்குக்கு வராது.

பயிற்சி

பின்வரும் வினாக்களுக்கு உங்கள் நிறுவனத்தை வைத்து விடை எழுதுக.

1. உங்கள் கணக்குத் தரவின் அளவு எத்தனை ஜிகாபைட்? அதன் பிரதிகள் இன்று எத்தனை இடங்களில் உள்ளன?
2. அவற்றுள் கணினியுடன் இணைக்கப்படாதது எது? கட்டடத்துக்கு வெளியே உள்ளது எது?
3. ஒரு நாள் பதிவுகள் அழிந்தால் மீண்டும் இட எத்தனை மணி நேரம் ஆகும்?
4. உங்கள் ஏற்றும் வேகத்தில் மொத்தத் தரவும் மேகத்துக்குச் செல்ல எத்தனை மணி நேரம் ஆகும்? (ஜிகாபைட்டை 8,000ஆல் பெருக்கி, மெகாபிட் வேகத்தால் வகுத்தால் நொடிகள் கிடைக்கும்.)
5. கடைசியாகக் காப்பிலிருந்து மீட்டுப் பார்த்த தேதி எது?

ஐந்தாம் வினாவுக்கு எழுதத் தேதி இல்லையெனில், புதுக் கருவி வாங்குவதை ஒத்திவைத்து அதனையே முதலில் செய்க. இம்மாதச் சரக்கிருப்பு அறிக்கையைக் கணக்கரின் கணினியிலிருந்து எடுக்காமல், நேற்றைய காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, அதிலிருந்து எடுத்துப் பாருங்கள். இரு அறிக்கைகளும் பைசா பிசகாமல் பொருந்தினால் உங்கள் பேரேட்டுக்குப் பெட்டகம் இருக்கிறது.